சரம் எடுக்கக் கூடாது

போடிநாயக்கனூர்,
ஜூலை 14

அன்புள்ள ஜோதிக்கு,

கற்பகம் எழுதுகிறேன். நலம் விசாரிக்க வேண்டிய இடம் இது. அதை இன்று கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். இப்போது விசாரித்தால் பொய்யாக இருக்கும். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பழக்கதோஷத்தில் "சரி, விடு" என்று சொல்லிவிடுவேன். விடுதியில் ஒரே அறையில் இருந்த இரண்டு வருடமும் அப்படித்தானே போயிற்று. காகிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது.

நாற்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூட வேலையோடு, முதுநிலைக் கல்வியியல் படிப்புக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். "இந்த வயசுல பட்டம் வாங்கி எங்க பறக்கவிடப் போற?" என்று திருப்பதி கேட்டார். இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியதில் அவர் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை அது. அதையும் வாரம் ஒருமுறை சொல்லித் தேய்த்துவிட்டார். ஆய்வின் பொருள், ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் வாசிப்புத் திறன். மலையாள எல்லைக்குள், பூப்பாறைக்கு மேலே ஒரு தோட்டம். நாற்பத்தொரு பெண்கள். பாதிப்பேர் விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, மலைமெட்டுக்கு மேலே போய், காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்குகிறவர்கள். மற்றவர்கள் காய் எடுக்கும் மாதங்களில் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலேயே தங்குகிறவர்கள். அளந்த கருவி உன்னுடையது. உன் குழு தயாரித்த வயதுவந்தோர் வாசிப்புத் தேர்வு, முப்பது கேள்விகள். என் தோழி செய்தது என்று நெறியாளரிடம் பெருமையாகச் சொல்லி அனுமதி வாங்கினேன்.

பதினான்காம் கேள்வியை எடுத்துக்கொள். "கமலா ஒரு சரம் எடுத்தாள். அதை எங்கே வைப்பாள்?" கூந்தலில், சாக்கில், அடுப்பில். ஒன்றை வட்டமிட வேண்டும். உன் விடைக்குறிப்பு கூந்தல் என்கிறது. கனகாம்பரம் இல்லாமல் நீ விடுதியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி உன் தலையிலிருந்துதான் வந்திருக்கும்.

இங்கே சரம் என்றால் வேறு. ஏலச்செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக ஓடும் தண்டுக்கு அந்தப் பெயர். பூ, பிஞ்சு, காய் மூன்றும் அதில் ஒன்றாக நிற்கும். குத்தவைத்து உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் விரலால் கழற்ற வேண்டும். சரத்தைப் பிய்த்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு அதில் எதுவும் இல்லை. முப்பத்து மூன்று பெண்கள் இந்தக் கேள்வியில் தவறு. பெரும்பாலோர் சாக்கை வட்டமிட்டிருந்தார்கள். ராக்கு என்று ஒருத்தி எதையும் வட்டமிடவில்லை. ஓரத்தில், பென்சிலை அழுத்தி, "எடுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தாள். இரண்டு சொல். ஒரு பிழை இல்லை. 'க்' கூட விடவில்லை. என் பத்தாம் வகுப்பில் பாதிப்பேர் விடுவார்கள். அதற்குச் சுழியம் போட்டேன். வட்டம் இல்லையே.

இன்னும் கேள். ஒன்பதாம் கேள்வி: "ஊரில் வெள்ளம் வந்தது. மக்கள் எங்கே ஓடினார்கள்?" மேட்டுக்கு என்பது உன் விடை. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் குழாயடிக்கு. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், ஜோதி. குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை "வெள்ளம் வந்து!" என்று ஒரு குரல் கேட்டால் அவர்கள் குடத்தோடு ஓடுகிறார்கள். வருடக்கணக்காக ஓடுகிறார்கள். அப்புறம் இருபத்திரண்டு. காவலர்கள் மைதானத்தில் கவாத்து செய்தார்களாம். அவர்கள் கையில் என்ன இருந்தது? துப்பாக்கி என்று நீ எதிர்பார்த்தாய். இங்கே கவாத்து என்றால் காய்ந்த தட்டையையும் தழையையும் அறுத்துக் கழிக்கும் வேலை. எல்லோரும் அரிவாள். அன்னக்கொடி என்ற பெண் என்னிடமே கேட்டாள், "போலீசுக்கு அம்புட்டுச் சோலி இல்லாமப் போச்சா டீச்சர், கவாத்துக்கு வந்துட்டாக?" நான் சிரிக்கவில்லை. தேர்வு நடக்கும்போது சிரிக்கக் கூடாது என்று உன் கையேட்டில் இருந்தது.

இப்படி ஏழு கேள்விகள். ராக்கு முப்பதுக்குப் பதினொன்று. தேறப் பதினைந்து வேண்டும். அவளுக்குச் சுழியம் விழுந்த அந்த ஏழையும் சேர்த்தால் பதினெட்டு.

மதிப்பெண் எனக்கு ஒரு அட்டவணை, அவளுக்கு அப்படியில்லை. தோட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கு ஒரு ஆள் எடுக்கப் போகிறார்கள். போன வருடம் காது மருந்தை ஒரு பிள்ளையின் கண்ணில் விட்டுவிட்டார்களாம். அதனால் நர்ஸ் எழுதிவைக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்தவள்தான் வேண்டும் என்கிறார் மேனேஜர் முத்துப்பாண்டி. நியாயமான நிபந்தனை. ராக்கு அதற்குத்தான் காத்திருந்தாள். ராசிங்காபுரத்துக்காரி, லயத்தில் தங்குகிறவள், நாற்பத்தொரு வயது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் சாக்கோடு சரிவில் விழுந்து இடுப்பு போய்விட்டது. குத்தவைத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு மலையில் வேறு வேலை இல்லை. என் பட்டியல் முத்துப்பாண்டியின் கைக்குப் போய்விட்டது. அவர் காலையில் ஆள் எண்ணும் இடத்தில் நின்று பெயரையும் மதிப்பெண்ணையும் சத்தமாக வாசித்திருக்கிறார். அடுத்த முறை நான் போனபோது ராக்கு வழிமறித்து நின்றாள். "பதினாலாவதுக்கு எனக்கு ஏன் டீச்சர் முட்டை போட்டீக? சரத்த எடுத்தா கங்காணி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். அந்தக் கமலா எடுத்ததே தப்பு. எடுத்துட்டு எங்க வைக்கிறதுன்னு வேற கேக்குறீக. திருப்பி ஒட்டவா முடியும்?"

நான் போடியில் பிறந்தவள். ஊரே ஏலக்காய் மணக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். ஏலக்காயைப் பாயசத்தில் பார்த்ததோடு சரி, எனக்கும் சரம் தெரியாது.

உன்னிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இந்த ஏழு கேள்விகள் இந்தப் பெண்களுக்குப் பொருந்தாது என்று கருவியைச் செய்தவளாக ஒரு பக்கம் எழுதிக் கொடு. ஓணத்துக்கு முன் ஆளை முடிவு செய்துவிடுவார்கள்.

இனி விசாரிக்கிறேன். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? சென்னையில் மழை உண்டா? உன் மகளுக்கு என் அன்பைச் சொல்.

கற்பகம்

* * *

போடிநாயக்கனூர்,
ஆகஸ்ட் 3

அன்புள்ள ஜோதிக்கு,

கடிதத்துக்கு வாட்ஸப்பில் பதில் அனுப்பியிருந்தாய். கிடைத்தது. மூன்று முறை படித்தேன். "உணர்ச்சிவசப்படாதே" என்று தொடங்கியிருந்தாய். முப்பது வருடப் பழக்கத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டு நீ எத்தனை முறை பார்த்திருக்கிறாய்? இதுதான் முதல் முறை என்றால், காரணம் இருக்கும் என்று உனக்குத் தோன்ற வேண்டாமா?

ஆயிரத்து இருநூறு பேரிடம் சோதித்துப் பார்த்த கருவி என்கிறாய். சென்னை, கோவை, தஞ்சாவூர். நல்லது. அந்த ஆயிரத்து இருநூறு பேரில் அட்டை கடித்த கால் ஒன்றாவது உண்டா? வட்டாரச் சொல்லால் சிறு பிழை வருவது எதிர்பார்த்ததே, மொத்தத்தில் அது கரைந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். மொத்தத்தில் கரையலாம். ராக்கு மொத்தம் இல்லை. அவள் ஒருத்தி. அவளிடம் போய் "நீ கரைந்துவிட்டாய்" என்று நான் எப்படிச் சொல்வேன்?

அடுத்த மாதம் கருவி அச்சுக்குப் போகிறது, இந்த நேரத்தில் எழுத்தில் எதுவும் தர முடியாது என்பதுதான் உண்மையான பதில். அதை ஏழாவது வரியில் வைத்திருந்தாய். முதல் வரியிலேயே வைத்திருக்கலாம்.

என் நெறியாளரும் இதையே சொல்கிறார். ராஜ்கமல் என்று பெயர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மதுரைக்கு ரயிலில் போய்ப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் வெளியில் உட்காரவைத்தார். உள்ளே ஏழு நிமிடம். "மேடம், தரப்படுத்துன கருவி. அதக் கேள்வி கேக்குறது உங்க ஆய்வோட வேல இல்ல. வரம்புகள்னு ஒரு தலைப்பு இருக்குல்ல, அதுல ஒரு வரி போட்டுட்டுப் போங்க" என்றார். நான் ராக்குவின் தாளை மேசையில் வைத்து ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். பார்த்தார். "இது விடை இல்லையே மேடம், கமெண்ட்தானே" என்றார். எழுத்தறிவை அளக்கப் போன இடத்தில் ஒரு பெண் தானாகப் பென்சிலை எடுத்து, கேள்வி தப்பு என்று எழுதியிருக்கிறாள். அது விடை இல்லையாம். அவள் குருட்டாம்போக்கில் கூந்தலை வட்டமிட்டிருந்தால் அது விடை.

அந்தப் பெண்கள் ஓரத்தில் எழுதியதையும் வாயால் சொன்னதையும் தனி அத்தியாயமாக எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அப்படியானால் கையெழுத்துப் போட மாட்டேன், வேறு நெறியாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு நெறியாளர் என்றால் மறுபடி பதிவு, மறுபடி ஒரு வருடம். திரும்பும் ரயிலில் ஆண்டிபட்டி தாண்டும் வரை மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே வந்தேன். அவர் முன்னால் சொல்லாமல் விட்டதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன கடிதத்தில், பட்டியல் முத்துப்பாண்டியின் கைக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். தமிழில் அது ஒரு வசதி. பட்டியல் கால் முளைத்துப் போகவில்லை. நான் கொடுத்தேன். மதிப்பெண்ணை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று நாற்பத்தொரு பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். கையெழுத்து, கைநாட்டு இல்லை. ஒவ்வொருத்தியும் முழுப் பெயரை எழுதினாள். முத்துப்பாண்டி இரண்டு மாதம் எனக்கு உட்கார இடம் கொடுத்தார், டீ கொடுத்தார், மழை நாளில் தோட்டத்து ஜீப்பில் இறக்கிவிட்டார். "ஒரு நகல் கொண்டாங்க டீச்சர், சும்மா பாத்துக்கிறேன்" என்றார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க யாரிடமும் முகம் முறிக்காமல் இருந்ததை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அந்த நல்ல குணம்தான் ராக்குவின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வைத்தது.

ஆகவே உன்மேல் மட்டும் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ, நான், ராஜ்கமல், மூன்று பேரும் படித்தவர்கள். மூன்று பேரும் சேர்ந்து, படிக்கத் தெரிந்த ஒருத்தியைப் படிக்கத் தெரியாதவள் ஆக்கியிருக்கிறோம். அவளுக்கு அது தெரியும். நமக்குத்தான் நிரூபணம் தேவைப்படுகிறது.

மகன் கோவையிலிருந்து வாரக் கடைசியில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான், புது வேலை. குரங்கணிப் பக்கம் நல்ல மழை, கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் போகிறது. எனக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. மாடிப்படியை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே ஏறுகிறேன்.

நீ எழுதுவாய் என்று இன்னும் நம்புகிறேன். நம்புவது என் வழக்கம் இல்லை, உனக்கே தெரியும்.

கற்பகம்

* * *

போடிநாயக்கனூர்,
ஆகஸ்ட் 20

அன்புள்ள ஜோதிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நேற்று நானே மலைக்குப் போனேன். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஐந்தரை ஜீப்பில், பெண்களோடு. பதினான்கு பேர் உட்கார்ந்த வண்டியில் எனக்குப் பாதி இருக்கை. நான் ஏறியதும் பின்னாலிருந்து அன்னக்கொடியின் குரல்: "வாயப் பொத்துங்கடி, டீச்சர் மார்க்கு போட வந்துருக்காக." இன்னொருத்தி, "எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். நாளைக்கு வெள்ளம் வந்தா குடத்தோட வரவா, இல்ல மேட்டுல ஏறிக்கிறவா? சொல்லிட்டீகன்னா பாஸாயிருவேன்" என்றாள். வண்டியே சிரித்தது. டிரைவர் வளைவில் ஹாரன் அடிப்பதை மறந்துவிட்டான். எனக்குக் காது சூடேறியது, ஆனால் மனது லேசானது. அவர்கள் கோபத்தை மறைத்துக்கொண்டு அம்மா, தாயே என்று பேசியிருந்தால் அந்த மலையை நான் ஏறியிருக்க முடியாது.

முத்துப்பாண்டியிடம் முதலில் போனேன். நான் கொடுத்த பட்டியலைத் திருப்பிக் கேட்டேன். அது தவறு, நான் செய்த தவறு, அந்த ஏழு கேள்விகள் தவறு என்று உட்காராமல் நின்றபடியே சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். "நீங்க சொல்றது எனக்கு வெளங்குது டீச்சர். ராக்கு சூதானமான பொம்பள, பிள்ளைகளும் அவகிட்ட ஒட்டும். ஆனா எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டேனே. இப்ப அவளப் போட்டா, பெயிலானவளப் போட்டேன்னு முதலாளிகிட்ட போகும். பரீட்சைய உண்டாக்குனவுக ஒரு காயிதம் குடுத்தா அன்னைக்கே அவ பேர எழுதிருவேன். இல்லாட்டி ஓணத்துக்கு முன்னாடி தேவாரத்துலருந்து ஒரு பிள்ளைய வரச் சொல்லிருக்கேன்" என்றார். ஓணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

ராக்கு ஏழாம் நம்பர் சரிவில் இருந்தாள். குத்தவைக்க முடியாமல் முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றி, ஒரு கையால் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கில் கால்வாசிகூட நிறையவில்லை. மற்றவர்கள் இரண்டு வரிசை தாண்டிப் போய்விட்டார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. அந்த ஈரத்தில் நானும் உட்கார்ந்தேன். சரத்தை முதல்முறையாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். சின்ன வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடு. அவள் என் கையைச் சற்று நகர்த்திவிட்டாள், பிஞ்சின்மேல் பட்டிருந்ததாம்.

எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் சொன்னேன். அந்தக் கேள்விகளை மாற்றி நானே புதிதாக ஒரு தாள் தயாரிக்கிறேன், இன்னொரு முறை எழுதிவிடு, நிச்சயம் தேறிவிடுவாய், அதை மேனேஜரிடம் நானே காட்டுகிறேன் என்றேன். நல்ல யோசனை என்றுதான் மலை ஏறும்போது நினைத்திருந்தேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"நான் எதுக்கு டீச்சர் திரும்ப எழுதணும்? நான் சரியாத்தான எழுதுனேன். தப்பா எழுதுனது யாரோ, அவுகளத் திரும்ப எழுதச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காய் எப்படி எடுக்க வேண்டும் என்று புது ஆளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறேன். தப்பாகக் கேட்டவர்தான் திரும்ப எழுத வேண்டும் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை. கிளம்பும்போது அவள் கேட்டது இன்னும் ஒன்றுதான். "அந்தக் கேள்விய எழுதுனவுக உங்க கூடப் படிச்சவுகளா?" ஆமாம் என்றேன். "நல்லாப் படிச்சவுகளா?" வகுப்பில் முதல் என்றேன். "அப்ப எழுதிருவாக" என்றாள்.

ஆய்வேட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அத்தியாயத்தை எழுதிவிட்டேன். நாற்பத்து மூன்று பக்கம். ராஜ்கமலுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன், கையெழுத்து அவர் இஷ்டம். பட்டம் இல்லாமல் போனால் திருப்பதிக்கு ஒரு நகைச்சுவை குறையும். அவர் நேற்று நான் சேறும் சகதியுமாக வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு வெந்நீர் போட்டு வைத்தார்.

இந்தக் கடிதம் உன்னைத் திட்டுவதற்கு இல்லை. திட்டுவதெல்லாம் முந்தின இரண்டிலும் தீர்ந்துவிட்டது. உன் கருவி அச்சாகட்டும், நீ செய்த மற்ற இருபத்து மூன்று கேள்விகளும் நல்ல கேள்விகள். உன் பெயருக்குக் குறை வர வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் திரும்ப எழுத வேண்டியது நீதான். அதை உனக்காக நான் எழுத முடியாது, எழுதிக் கையெழுத்து மட்டும் கேட்டு அனுப்பவும் மாட்டேன்.

ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்தில் வேண்டாம். அலுவலகத் தமிழும் வேண்டாம். மேனேஜருக்கு என்று முகவரி போடாதே. அவருக்கு அவள் காட்டிக்கொள்வாள். ராக்குவுக்கு என்று போட்டு எழுது. பிரித்து அவளே படிப்பாள்.

நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் இரு.

உன்,
கற்பகம்